பொடியும் படியும்

அந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் அவளை எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். கதவில் ‘உடல்நலப் பயிற்சியாளர்’ என்று பலகை தொங்கியது. ஆனாலும் அவளுடைய வேலை என்ன என்பது பக்கத்து மருந்துக் கவுன்டரில் இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. அவள் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அடுத்த முறை வரும்வரை என்ன சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், எழுந்து நடக்கிறார்களா, இல்லை சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார்களா என்பதுதான் அவள் இலாகா. இரண்டு மருந்துகளுக்கு நடுவில் கிடக்கும் நாட்கள்.

அதற்கு முன் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். முழங்கால் மூட்டு தேய்ந்துபோனதும் மைதானத்தை விட்டுவிட்டு இந்தப் பயிற்சியைப் படித்துவிட்டு வந்தாள். பள்ளியில் விசில் ஊதினால் எல்லோரும் ஓடுவார்கள். இங்கே வந்து முதலில் மறக்க வேண்டியிருந்தது அந்த விசிலைத்தான். சொல்லாதே, கேள் என்பதுதான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு அது பழகவே வெகுநாள் ஆயிற்று.

அறை முன்பு சக்கர நாற்காலிகளை அடைத்துவைத்த இடம். சுவரில் டயர் உரசிய கறுப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை. ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைப் பார்த்த ஜன்னல். கண்ணைத் துடைக்கும் காகிதப் பெட்டியை அவள் மேஜைமேல் வைப்பதில்லை. அதைப் பார்த்தால் அழத்தான் வேண்டும்போல என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்று இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

பிரேக் அக்கா அந்த அறைக்கு முதலில் வந்தபோது கூடவே கணவரும் வந்தார். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் உள்ள தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, “பிரேக்கு, பிரேக்கு” என்று பாதி ஆயுளைக் கழித்தவர். படிக்க வந்த பிள்ளைகள் வைத்த பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, மிச்சம் மீதி எதுவும் இருந்துவிடக் கூடாது என்று மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

கோச் அக்காவைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கணவர் பதில் சொன்னார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல். “நேத்து எங்களுக்கு வாந்தி இல்லீங்க. காலையில மட்டும் கொஞ்சம் குமட்டுச்சு. கஞ்சி குடிச்சோம்” என்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தப்பாக ஒடித்தபோது அவருடைய வலது பாதம் தரையை அழுத்தியதைக் கோச் கவனித்தாள்.

கணவரைச் சற்று வெளியே உட்காரச் சொன்னாள். அவர் போனபிறகு, இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் போகும், அதுவும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போகும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பிறகு, இந்தச் சிகிச்சை நடக்கிற நாட்களில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அக்கா ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார். “என்னைப் பாக்குறவங்க எல்லாம் தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டுப் பேசுறாங்க. அதை நிறுத்தச் சொல்ல முடியுமா?”

அது தன் கையில் இல்லை என்று கோச் சொன்னாள். தன் தலையை மட்டும் நேராக வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். அக்காவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

பெரிய காரியம் எதுவும் இல்லை. அந்த மருந்து ஏற்றினால் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும், குளிர்ந்த தண்ணீர் தொண்டையை இறுக்கும். அதனால் ஃபிரிட்ஜைத் திறக்குமுன் கையுறை, குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். ஒரே வேளையாகச் சாப்பிட முடியாததால் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. தெரு முனைவரை நடை, முடியாத நாளில் வாசல்வரை, அதுவும் முடியாத நாளில் கட்டிலைச் சுற்றி. எதைச் செய்வது என்று முடிவெடுப்பது அக்காதான். செய்தாரா இல்லையா என்று கேட்பது கோச். செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்பாளே தவிர முகம் சுளிக்க மாட்டாள். ஒருமுறை வாரம் முழுக்கப் படுத்தே கிடந்துவிட்டு வந்து, அதை அப்படியே சொல்லிவிட்டு, “பேரு கோச்சு. ஆனா கோச்சுக்கவே மாட்டேங்கறீங்க” என்றார் அக்கா. அதைக் கணவர் மருந்துக் கவுன்டர்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கின. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்திருக்கிறார். இந்தக் காலோடு பிரேக் மிதிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. வண்டிச் சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, சாலை விதிகளை மட்டும் வீட்டு முன்னறையில் நடத்தினார். கோச்சிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அடுத்தவர் வண்டியில் பட்ட கீறலைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறத் தொடங்கின. ஒருமுறை மருந்து ஏற்றுவதைத் தள்ளிப்போட்டார்கள். மறுமுறையும் எண்கள் இறங்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேறு ஏதாவது மருந்து, மாத்திரை, கஷாயம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். கணவரும், “நாங்க எதுவும் சாப்பிடறதில்லீங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மாலையில் அவர் அச்சகத்தில் இருப்பவர். வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியாது.

டாக்டர் அறையிலிருந்து நேராக அக்கா கோச்சின் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். உட்காராமலே, தான் ஒரு பொடி சாப்பிடுவதாகச் சொன்னார்.

அண்ணன் கொண்டுவருகிற பொடி. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்டுகளை நிறுத்தி, கம்பியையும் கப்பியையும் பார்த்து, எண்ணெய் விட்டு ஓடவிடுகிறவர். அம்மா சாகக் கிடந்தபோது அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். கேட்காமல் தங்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அம்மா திரும்பி வரவில்லை. “நீதான் கொண்டுபோய்க் கொன்னுட்டே” என்று அடக்கம் முடிந்த அன்றே சொல்லிவிட்டுப் போனவர், பல வருடங்கள் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கைக்குக் கட்டி என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, ஒரு மாலை கையில் ஒரு டப்பாவோடு வந்து நின்றார். யாரோ ஒருவருக்கு அந்தப் பொடியிலேயே குணமானதாம். வெந்நீரில் கலக்கினார். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

“உங்களுக்கு அதுல நம்பிக்கை இருக்கா?” என்று கோச் கேட்டாள். கேட்கும்போது தன் குரலில் பழைய விசில் சத்தம் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தாள்.

“சுத்தமா இல்ல. மண்ணைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கும்.”

“அப்புறம்?”

“குடிக்கலைன்னா அவன் வரமாட்டான், கோச்சு. அவன் வர்றதுக்கு வேற காரணமே கிடையாது. சும்மா வந்து உக்காந்து தங்கச்சி எப்படி இருக்கேன்னு கேக்கற ஆளு இல்ல அவன்.”

டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். எண்கள் இறங்கினாலும் இறங்கலாம், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். இது அவள் முதல் நாள் சொன்ன விதிவிலக்கில் வருகிற விஷயம், இரண்டு பேருக்குமே அது தெரிந்திருந்தது. அவள் நினைத்துப் பார்த்தது வேறு. இந்தப் பொடியை நிறுத்தினால் கல்லீரல் பிழைக்கும். அந்த மாலைகளுக்குப் பதிலாகத் தன்னால் எதைக் கொடுக்க முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நான் மறைக்க முடியாதுக்கா. ஆனா நான் சொல்றதைவிட நீங்க சொல்றது நல்லாருக்கும். கூட வந்து உக்காந்துக்கறேன்.”

அக்கா சுவரில் இருந்த டயர் கோடு ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, கையோடு இப்பவே போய்டலாம் என்று கதவைத் திறந்தார்.

டாக்டர் திட்டவில்லை. பொடியைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார், அன்றே நிறுத்தச் சொன்னார். எழுந்திருக்கும்போது, இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். நீங்கள் கேட்ட கேள்வி என் வீட்டுக்காரர் முன்னால் கேட்டதாயிற்றே என்றார் அக்கா. டாக்டர் தலையாட்டிக்கொண்டார். அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியை நோயாளிகளைத் தனியாக வைத்துக் கேட்பதாகக் கோச் பின்னால் கேள்விப்பட்டாள்.

அண்ணனிடம் சொல்வதுதான் பாக்கி. அதை ஆஸ்பத்திரியிலேயே வைத்துச் சொல்லிவிடுகிறேன் என்றார் அக்கா. வீட்டில் என்றால் வார்த்தை வராது. அண்ணன் வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், நகக்கண்ணில் கிரீஸ். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கோச்சைப் பார்த்து, “நீங்க டாக்டரா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்ப இதுல நீங்க யாரு?” என்றார். அக்கா குறுக்கிட்டார்.

“அண்ணா, பொடியை நிறுத்திட்டேன். அது ஒத்துக்கலை. மருந்து ஏத்தறதையே தள்ளிப்போட்டுட்டாங்க.”

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. பேசியது முழுக்க மேஜையைப் பார்த்துத்தான். ஆஸ்பத்திரிக்காரன் எதையாவது சொல்லத்தான் செய்வான் என்றார். அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்னார்கள் என்றார். அந்தப் பொடி நல்லதா கெட்டதா என்று கோச் வாதம் செய்யவில்லை. சாயங்காலம் நீங்கள் வருவது அக்காவுக்குப் பிடித்திருக்கிறது, அது நிற்க வேண்டாமே என்று மட்டும் சொன்னாள்.

“வந்து என்ன பண்றது? மொகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?” என்று எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. எண்கள் மெல்ல இறங்கின, மருந்து ஏற்றுவது மறுபடி ஆரம்பித்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது. அக்கா மட்டும் நடையை நிறுத்திவிட்டார். சாப்பாடு பாதியானது. கணவர் கதவுக்கு வெளியே கோச்சைத் தனியாகப் பிடித்து, ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்காங்க என்று சொன்னார். உள்ளே அக்கா, “உங்க பேச்சைக் கேட்டதுக்கு எனக்குக் கல்லீரல் கெடச்சுது. நல்லா வெச்சுக்கறேன்” என்றார். கிண்டலா கோபமா என்று பிரிக்க முடியாத குரல்.

கோச்சுக்கு அது சுருக்கென்றது. தானே அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசலாமா என்று அந்த வாரம் பலமுறை நினைத்தாள். எண் அவளிடம் இருந்தது. போடவில்லை. அவளிடம் வருகிறவர்களில் சிலர் பாதியில் நின்றுவிடுவார்கள். சிலர் இறந்துபோவார்கள், அது மருந்துக் கவுன்டர் வழியாகத்தான் காதுக்கு வரும். எதற்கும் தான் காரணம் இல்லை என்று நம்பினால்தான் மறுநாள் கதவைத் திறக்க முடியும். அந்த வாரம் அப்படி நம்புவது எளிதாக இல்லை.

அடுத்த சந்திப்பில் அவள் வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. அண்ணன் விஷயத்தில் உங்கள் கையில் எதுவுமே இல்லையா என்று கேட்டாள். அக்கா எழுந்து போனார்.

என்ன நடந்தது என்பதை அக்காவே பின்னால் சொன்னார், கணவரும் தன் பங்குக்குச் சொன்னார், இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் அக்கா பஸ் ஏறினார். அண்ணன் அன்று எந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறார் என்று அவருடைய கம்பெனிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அலுவலகங்கள் நிறைந்த உயரமான கட்டடம். கீழே லிஃப்ட் முன்னால் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று அட்டை. மெக்கானிக் எங்கே என்று காவலாளியைக் கேட்டதற்கு, மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருக்கிறார் என்றார்.

அக்கா படியேறினார். கைப்பிடி இரும்புக் குழாய். கையுறை போட்டும் அதன் குளிர் விரலில் ஊசி குத்தியது. அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாதம் எங்கே படுகிறது என்று தெரியாததால் ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்து வைத்தார். மாடித் திருப்பம் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தார். கோப்புகளோடு இறங்கி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீராக இருக்குமே என்று வேண்டாம் என்றார்.

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஸ்பானரோடு கீழே இறங்கி வந்தார்.

“லிஃப்ட் ஓடலைன்னு போர்டு மாட்டியிருக்கேனே.”

“பாத்தேன். அதான் நடந்து வந்தேன்.”

“எதுக்கு வந்தே?”

“நீ வரலையே.”

அண்ணன் இரண்டு படி கீழே உட்கார்ந்தார். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பொடியில ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் ஒரு மாதிரி தெரியும் என்றார். பிறகு, “நான் வேற என்னத்தைப் பண்ணுவேன், சொல்லு. அம்மாவுக்கும் ஒண்ணும் பண்ணலை. நீ கூடவே இருந்தே, நான் வெளிய கோவிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று அப்போதுதான் கேட்டார். அத்தனை வருடங்களில் அவர் அதைக் கேட்டதே இல்லை. அக்கா உள்ளதைச் சொன்னார். அடுப்பை அணைச்சியா, கதவைப் பூட்டினியா, அவன் சாப்பிட்டானா. அவ்வளவுதான் கேட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இறங்க முடியுமா, இல்லை லிஃப்டை ஓடவிடட்டுமா என்று கேட்டார். ஓடவிடு என்றார் அக்கா. வேலை முழுக்க முடியாததால் அவர் முதலில் காலியாக மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் தங்கையை ஏற்றினார்.

கோச் இதைக் கேட்டு முதலில் பயந்துதான் போனாள். மரத்த காலோடு விழுந்திருந்தால் என்ன ஆவது என்று நினைத்தாள். அதை மறைக்கவும் இல்லை. அக்கா அதற்கு, விழவில்லையே என்றார். அப்புறம் ஒரு யோசனையைச் சொன்னார். யோசனை அண்ணனுடையது. வாரத்தில் சில நாள் அவர் வேலைக்குப் போகிற இடத்துக்குத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் லிஃப்டை நிறுத்தி வைத்திருக்கிற நேரத்தில் அவர் முன்னால் தங்கை ஒரு மாடி ஏறி இறங்க வேண்டும். முடிந்தால் இன்னொரு மாடி. சும்மா தெருமுனைவரை நடப்பது அண்ணனுக்குப் பிடிக்காது, எங்கே போகிறோம் என்று கேட்கிறார். மாடி என்றால் போய்ச் சேர ஒரு இடம் இருக்கிறது.

கோச் டாக்டரிடம் கேட்டாள். மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் கூடாது, காய்ச்சல் இருந்தால் கூடாது, கூட்டமான நேரம் கூடாது, பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் ஷூ கட்டாயம் என்றார் டாக்டர். அண்ணன் கோச்சின் அறைக்கு வந்து இதையெல்லாம் நின்றபடியே கேட்டுக்கொண்டார். கையுறை எந்தத் துணியில் வாங்குவது என்று கேட்டார். தானே போய் வாங்கினார். ஷூவின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வழுக்குகிறது என்று ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினாராம்.

ஒருநாள் கோச்சும் போய்ப் பார்த்தாள். ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அக்கா ஏறுவது எப்படி இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, பாதத்தை எப்படி வைக்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் கூடவே ஒரு மாடி ஏறி இறங்கிவிட்டு, லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டி வேலையில் மூழ்கினார். அக்கா மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவ்வப்போது குழிக்குள்ளிருந்து அண்ணனின் குரல் எதிரொலித்து மேலே வந்தது.

“இருக்கியா?”

“இருக்கேன்.”

அவ்வளவுதான். மறுபடி ஸ்பானர் சத்தம். கோச் தன் மூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடியோடு நின்றுகொண்டாள். அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, மெதுவாக வாங்க, அவசரம் இல்லை என்றார்.

கடைசி இரண்டு தடவை மருந்தின் அளவைக் குறைத்து ஏற்றினார்கள். பாதங்களில் உணர்வு முழுக்கத் திரும்பவில்லை. பெருவிரல்களில் மரமரப்பு தங்கிவிட்டது, நிரந்தரமாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. இனி சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் அக்கா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கார்ப் பள்ளியில் பக்கத்து இருக்கை உதவியாளருக்கே போய்விட்டது. முன்னறை வகுப்பில் மட்டும் கூட்டம்.

சிகிச்சை முடிந்தவர்கள் கோச்சின் கணக்கிலிருந்தும் வெளியேறிவிடுவார்கள், அது ஆஸ்பத்திரியின் ஏற்பாடு. கடைசி நாளில் அக்கா நன்றியெல்லாம் சொல்லவில்லை. கதவருகே நின்று, அண்ணன் வராம போனப்ப உங்கமேல எனக்குப் பயங்கரக் கோபம் என்றார். தெரியும் என்றாள் கோச். அக்கா தலையை நேராக வைத்துக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து மாத்திரை வாங்கக் கணவர் மட்டும் வந்திருந்தார். கோச்சின் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். அண்ணனும் தங்கையும் வாரத்துக்கு ஒருமுறை சண்டை போடுகிறார்கள் என்று புகார் சொன்னார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது சரியா தப்பா என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்களாம். போன வாரம் சத்தம் கேட்டு மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கேட்டாராம். இந்த மாதிரி கத்தினால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று கவலையோடு கேட்டார்.

சண்டை முடிந்ததும் அண்ணன் என்ன செய்வார் என்று கோச் கேட்டாள்.

“அப்படியே உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போறாரு.”

அப்படியானால் போட்டுக்கொள்ளட்டும் என்றாள். அவர் முழு நிம்மதியில்லாத முகத்தோடு மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு போனார். வெளியே பெஞ்சில் தலையில் துணி கட்டிய ஓர் இளம்பெண் தன் அப்பாவோடு காத்திருந்தாள். கோச் அவர்களை உள்ளே கூப்பிட்டாள்.